நெட்டை மகாராஜாவின் தலை அரிப்பு

கோத்தோ ஆலாங்,
4 அக்டோபர் 1992

அக்கா மகள் யுஸ்னிதாருக்கு உன் சின்ன மாமா ஜமாலுஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கழுத்துக்குக் கீழே நான் பூரண சுகம். கழுத்துக்கு மேலே என்ன நிலவரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளை ஹெர்மனும் ஜகார்த்தாவில் சுகம்தானா? துணிக்கடை எப்படிப் போகிறது?

முதலில் ராஜாங்கச் செய்தி. போன வெள்ளிக்கிழமை உன் பெரியம்மா ரோஹானி தலைமையில் நம் குலத்துப் பெண்கள் பெரிய வீட்டில் கூடினார்கள். ஆண்கள் நாங்கள் வாத்து மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். வழக்கம்போல எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உன் பெரிய தாத்தா இறந்ததிலிருந்து மடித்து வைத்திருக்கும் குலப் பட்டத்தை இனிமேலும் மடித்து வைத்தால் பூச்சி அரித்துவிடும், பெருநாள் முடிந்ததும் பிரித்து என் தலையில் வைத்துவிடுவது என்று தீர்மானம். ஆக, மே மாதம் முதல் உன் மாமா குலத்தலைவர், டத்துக் மாராஜோ பாஞாங். நெட்டை மகாராஜா. செருப்போடு சேர்த்து அளந்தாலும் ஐந்தடிக்கு எட்டாத எனக்கா இந்தப் பட்டம் என்று காப்பிக்கடையில் பாதிப் பேருக்குப் புரையேறிவிட்டது.

இனி கழுத்துக்கு மேலே. தீர்மானம் நடந்த அதே வாரம் தலை அரிக்க ஆரம்பித்தது. சாதாரண அரிப்பு என்று நினைக்காதே. சுமத்ராவில் இருக்கும் எறும்பு அத்தனையும் பொதுக்கூட்டத்துக்கு என் உச்சந்தலையைப் பிடித்திருக்கின்றன. கூட்டம் கலைந்த பிறகும் தலைவர் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார். சுகாதார நிலையத்து டாக்டர் பெண் டார்ச் அடித்துப் பார்த்தாள். "பேனில்ல, பொடுகில்ல, ஒரு பரு கூட இல்ல. உங்க தலை ரொம்ப அழகா இருக்கு பெரியவரே" என்றாள். அழகான தலை ஏன் அரிக்கிறது என்று கேட்டதற்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். தாமிரச் சொம்பு மாதிரி சுத்தமாக இருக்கிறது. அரிக்கவும் அரிக்கிறது.

காப்பிக்கடையின் தீர்ப்பு என்னவென்றால், பட்டத்தின் கனம் என் தலைக்குத் தாங்கவில்லை, முன்னோர்களுக்கு விருப்பமில்லை. தீர்ப்பை எழுதியவன் நம் குலத்தின் அடுத்த கிளைக்காரன், காப்பிக்கொட்டை வியாபாரி காய்தீர். பட்டம் எனக்கில்லை என்றால் அவனுக்குத்தான்.

சிக்கல் இதுதான். பட்டமேற்பு அன்று காலையில் சலுவாக்கை, அதாவது கஞ்சி போட்டு விறைத்த அந்த மடிப்புத் தலைப்பாகையை, என் தலையில் வைப்பார்கள். பெரியவர்கள் மாறி மாறிப் பேசி, நான் சத்தியம் செய்து, மத்தியான லுஹர் தொழுகைக்கு எழும்வரை கை தலைக்குப் போகக் கூடாது. சலுவாக் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பட்டம் ஒட்டவில்லை என்று அர்த்தம். திரும்ப மடித்துவிடுவார்கள். இப்போதோ ஒரு காப்பி ஆறும் நேரம்கூட என் கை கீழே நிற்பதில்லை. தலைநகரத்து வைத்தியம் ஏதாவது தெரிந்தால் எழுது. மாப்பிள்ளைக்கு என் சலாம்.

சொறிந்தபடி,
சின்ன மாமா


ஜகார்த்தா,
21 அக்டோபர் 1992

நெட்டை மகாராஜாவாகப் போகும் மாமாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உயரம் போதாவிட்டால் சலுவாக்கில் ஒரு மடிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரிப்பு விஷயம். முதலில் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துணி சோப்பைத்தான் தலைக்கும் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதை நிறுத்துங்கள். சுடுதண்ணீர் ஆகாது. பச்சைத் தண்ணீரில், நுரை ஒரு சொட்டு மிஞ்சாமல் அலசுங்கள். அரிக்கும்போது சொறியாதீர்கள். சொறிந்தால் அது ருசி கண்டுவிடும். உள்ளங்கையை வைத்து அழுத்தி, அப்படியே வைத்திருங்கள். நெற்றிப் பக்கம் அழுத்தினால் காதுக்குப் பின்னால் போய் உட்காரும். துரத்திக்கொண்டு போகாதீர்கள். போன இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் அதற்கே சலித்துவிடும்.

கடை நடக்கிறது. இங்கே நல்ல வெயில்.

பெரியம்மாவுக்குச் சலாம் சொல்லுங்கள். என் அறை ஜன்னல் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்ததே, யாராவது சரி செய்தார்களா? சும்மாதான் கேட்டேன்.

உங்கள் பிரியமுள்ள,
நிதார்


கோத்தோ ஆலாங்,
15 நவம்பர் 1992

என் தலையின் ஜகார்த்தாப் பிரதிநிதியான யுஸ்னிதாருக்கு, அல்லாஹ் உனக்குச் சுகத்தைத் தரட்டும். இங்கே மழை. வயலும் நனைந்திருக்கிறது, நானும் நனைந்திருக்கிறேன், அரிப்பு மட்டும் உலர்ந்து சௌக்கியமாக இருக்கிறது.

உன் கடிதம் வருவதற்குள் நான் செய்துகொண்ட வைத்தியங்களைச் சொன்னால் நாட்டு மருத்துவ வரலாறு வெட்கப்படும். கெமிரிக் கொட்டையை வறுத்து எண்ணெய் எடுத்துத் தடவினேன். தொப்பி கறுத்தது, தலையணை கறுத்தது, தொழுகையில் நெற்றி வைத்த இடத்தில் பாயும் கறுத்தது. அப்புறம் தேங்காய்ப்பால். அதை ஊற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தபோது ஏற்கெனவே நடக்கும் பொதுக்கூட்டத்துக்கு நிஜ எறும்புகளும் வந்து சேர்ந்தன. பெரியம்மா படியில் நின்று பார்த்துவிட்டு, "டேய் ஜமாலு, தேங்காப்பால் ஊத்தினவன் அப்படியே நாலு மிளகாயும் கிள்ளிப் போட்டிருந்தா மத்தியானக் குழம்பு ஆயிருக்குமே" என்றாள். கடைசியில் மந்திரக்காரரிடம் போனேன். வெற்றிலையை மென்று சாற்றோடு உச்சியில் ஊதினார், சிவப்பாக வழிந்தது. ஊரெல்லாம் என்னைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டார்கள்.

உன் உள்ளங்கை வைத்தியம்தான் கொஞ்சம் கேட்கிறது. நீ சொன்ன மாதிரியே, நெற்றியில் அழுத்தினால் காதுக்குப் பின்னால் போகிறது. டாக்டருக்கே தெரியாத அதன் போக்குவரத்து உனக்கு எப்படித் தெரியும் என்று வியந்தேன்.

இப்போது வீட்டு விஷயம். காய்தீர் வந்திருந்தான். இடதுகோடி அறை, உன் அறை, பல வருஷமாகச் சும்மா கிடக்கிறதாம். "அவ ஜகார்த்தாவுல தானா அபாங் மார்க்கெட்டுல ராணியா இருக்கா. இந்தப் பலகை வீட்டுக்கு வந்து இனிமே பாய் விரிப்பாளாக்கும்? என் மூட்டைய அடுக்கிக்கிறேன்" என்றான். அறைப் பேச்செல்லாம் டத்துக் வந்து தீர்க்கட்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டான். அறையை அவனுக்குக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்தால், முன்னோர்களுக்கு என்மேல் திடீரென்று விருப்பம் வந்துவிடுமாம். நான் சபையில் தலையைச் சொறிந்தாலும் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

யோசித்தால் எனக்கும் சௌகரியம்தான். உனக்கு அங்கே வீடு வாசல் கடை எல்லாம் இருக்கிறது. ஒரு வரி எழுது, கொடுத்துவிடவா?

மாப்பிள்ளை வழக்கமாகக் கடிதத்தின் அடியில் கோழி கிளறின மாதிரி ஒரு வரி எழுதுவாரே, காணோமே. அவருக்கு என் சலாம்.

உள்ளங்கையும் தலையுமாக,
சின்ன மாமா


ஜகார்த்தா,
27 டிசம்பர் 1992

அன்பு மாமாவுக்கு, சலாம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மழை வெள்ளத்தால் பதில் தாமதம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அறை விஷயம் நீங்களும் பெரியம்மாவும் பார்த்து எப்படிச் செய்தாலும் சரி.

தலைக்கு இப்போதிருந்தே பழக்கம் கொடுங்கள். சலுவாக்குக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து கட்டிக்கொள்ளலாம், வெளியே தெரியாது. நைலான் மட்டும் கூடாது, அதற்குள் வேர்த்தால் தலையைக் கழற்றி எறியத் தோன்றும். முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூடுதலாக. கைக்கு எப்போதும் வேலை இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அது தேடி வரும். இன்னொன்று, யாராவது உங்களை ஏற இறங்கப் பார்த்து "நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன குறை" என்று சொன்னால் அந்த நிமிஷமே அதிகமாகும். அப்போது பதில் சொல்லாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும்.

இனி கடிதங்களைக் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதுங்கள். அஸ்னா அக்காவின் தையல் கடை. பழைய முகவரிக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை.

உங்கள்,
நிதார்


கோத்தோ ஆலாங்,
18 ஜனவரி 1993

தையல் கடை முகவரிக்கு மாறிவிட்ட யுஸ்னிதாருக்கு, சலாம். பெரியம்மா சுகம், அவள் வாய் அதைவிடச் சுகம். அறுவடை முடிந்தது.

உன் சொல்படி பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். அசல் சலுவாக்கைப் பெரியம்மா பெட்டியில் பூட்டி வைத்திருப்பதால், நெல் அளக்கும் கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அடியில் ஈரத்துணி கட்டி, கையில் வாத்து மேய்க்கும் கழியோடு வரப்பில் நடக்கிறேன். உலகத்தில் எந்த மகாராஜாவுக்கும் இப்படிப்பட்ட அணிவகுப்பு அமைந்ததில்லை. முன்னால் வாத்துகள் இரட்டை வரிசையில், பின்னால் கூடை. பாயகும்பு போகிற பஸ்ஸை டிரைவர் நிறுத்திவிட்டுப் பார்த்தான். உள்ளே இருந்த ஒருத்தி, "கூடைக்குக் கால் முளைச்சிருக்கு பாரு" என்றாள். நான் உயரம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கூடைக்கு வெளியே தெரிகிற அளவுக்கு இருக்கிறேன்.

முதலில் வாய்க்கால் வரைதான் தாங்கியது. இப்போது வயலைச் சுற்றி வந்துவிடுகிறேன். அரிப்பு குறையவில்லை. கைதான் அடங்கியிருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இதற்கு நடுவே காய்தீர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கே ஜமாலு" என்றான். உச்சியில் தீக்குச்சி உரசியது போல ஆயிற்று. பல்லைக் கடித்துச் சிரித்தேன். அவன் பயந்துபோய்விட்டான். நீ எழுதியது அப்படியே நடந்தது.

அவன் நேற்று நாடாவோடு வந்து உன் அறையை அளந்துகொண்டு போயிருக்கிறான். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு என் சலாம். அவர் காதில் விழும்படி இந்த வரியை மட்டும் சத்தமாகப் படி.

கூடைக்குள்ளிருந்து,
சின்ன மாமா


கோத்தோ ஆலாங்,
21 பிப்ரவரி 1993

அன்பு யுஸ்னிதாருக்கு, சலாம். உன் பதில் இன்னும் வரவில்லை. அதனால் நானே மறுபடி எழுதுகிறேன். நோன்பு பிறக்கப் போகிறது, உன் பிழை என் பிழை எல்லாவற்றையும் அல்லாஹ் பொறுக்கட்டும்.

இன்று ஊரே ஆற்றில் இறங்கி நாரத்தைச் சாறு தேய்த்துத் தலை முழுகியது. வருஷத்துக்கு ஒருநாள் வருகிற இந்தத் தலைமுழுக்கில் அரிப்பையும் ஆற்றோடு அனுப்பிவிடலாம் என்று எனக்கு ஒரு மகா யோசனை. மற்றவர்கள் வாசனைக்கு ஒரு காய் பிழிந்துகொண்டால், நான் ஒரு மரத்தையே பிழிந்துகொண்டேன். இத்தனை மாதம் சொறிந்து சொறிந்து கண்ணுக்குத் தெரியாமல் தோல் உரிந்திருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. சாறு இறங்கியதும் எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, மராப்பி எரிமலை என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கத்திக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கி, நீந்தி, எழுந்து பார்த்தால் பெண்கள் குளிக்கிற துறை. நடுவில் உன் பெரியம்மா. "மகாராஜா வந்துட்டார், எல்லாரும் எழுந்திருங்கடி" என்றாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, தண்ணீருக்குள் உட்கார்ந்தார்கள். நான் கண்ணை மூடியபடியே நீந்தி வந்த வழியே போனேன். இதை என் சத்தியப்பிரமாணத்தில் சேர்க்கலாமா என்று பெரியவர்கள் ஆலோசிக்கிறார்கள்.

சிரித்தாயா? சிரித்தால் நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன்.

எரிச்சல் அடங்கட்டும் என்று பாறையில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதங்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நெற்றியில் அழுத்தினால் காதுக்குப் பின்னால் போகும். சும்மா இருக்கும்போது தேடி வரும். நைலானுக்குள் வேர்த்தால் தலையைக் கழற்றி எறியத் தோன்றும். நான் நைலான் கட்டுகிறவன் இல்லை. முக்காடு போடுகிறவள் நீ. இதெல்லாம் யாரிடமாவது கேட்டு எழுத முடியாது நிதார். அரித்த தலையால்தான் எழுத முடியும்.

எப்போதிலிருந்து?

பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் தலை அரிப்பைப் பற்றி மட்டும் எழுது. வேறு எதையும் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு இந்த முறை சலாம் சொல்லவில்லை.

சின்ன மாமா


ஜகார்த்தா,
14 மார்ச் 1993

மாமாவுக்கு, சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உடம்பு சுகம் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

போன வருஷ நோன்பிலிருந்து. தலை அரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை, அழகான தலை என்று யாரும் சொல்லாததுதான் குறை. நல்ல ஷாம்பு, கெட்ட ஷாம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. முக்காட்டுக்கு அடியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கடையில் நிற்பேன். வருகிறவர்கள் எல்லாம் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்கள். "உனக்கென்ன நிதார், குடுத்து வச்சவ" என்பார்கள். பல்லைக் கடித்துச் சிரிப்பேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது மாமா. தலையிலும் தெரியாது, வீட்டிலும் தெரியாது.

அவர் இப்போது இன்னொரு வீட்டில் இருக்கிறார். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள். கடையும் அவர்கள் பக்கம் போய்விட்டது. நவம்பரிலிருந்து நான் அஸ்னா அக்காவிடம் சட்டை தைக்கிறேன், பின்கட்டில் படுத்துக்கொள்கிறேன்.

தலை அரிப்பைப் பற்றி மட்டும் எழுதுவதாகத்தான் ஆரம்பித்தேன்.

பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். சீமைக்குப் போனவள் வெறுங்கையோடு வந்து இறங்கினாள் என்று காப்பிக்கடை பேசும், உங்கள் பட்டத்துக்கும் அது நல்லதில்லை. அறையைக் காய்தீருக்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் விழா சிக்கலில்லாமல் முடியட்டும்.

நிதார்


கோத்தோ ஆலாங்,
28 மார்ச் 1993

என் அக்காவின் மகளுக்கு, பெருநாள் வாழ்த்து. எல்லோரும் சுகம். ரெண்டாங் கறியில் உன் பங்கை யாரும் தொடாமல் பெரியம்மா எடுத்து வைத்தாள், நான் தொட்டுவிட்டேன்.

அறையைக் கொடுக்க முடியாது.

என்னைப் பார். ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டேன். உன் மாமி இருந்தவரை அவள் வீட்டில் இருந்தேன். அவள் போன பிறகு தொழுகை மண்டபத்து மூலையில் என் பாய் சுருட்டிக் கிடக்கிறது. நான் பிறந்த பெரிய வீட்டில், நாளைக்கு நான் டத்துக் ஆனாலும், மகாராஜா ஆனாலும், சுல்தானே ஆனாலும், எனக்கென்று ஒரு பாய் விரிக்க இடமில்லை. நம் வழக்கம் அப்படி. நான் குறை சொல்லவில்லை. அந்த வழக்கமேதான் உனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறது. உன் அம்மாவுக்குப் பிறகு அது உன்னுடையது. அந்த அறையில் நீ பாட்டுப் பாடலாம், பட்டறை போடலாம், கதவைச் சாத்திக்கொண்டு தலையைச் சொறியலாம். வேண்டாம் என்று சொல்ல மட்டும் உனக்கு உரிமையில்லை.

நானும் யோசித்துப் பார்த்தேன். உன்னை ராணி என்று காய்தீர் சொன்னபோது நானும் சரி என்று நினைத்துவிட்டேன். போனவள் திரும்பவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஊர் இது. இங்கே அத்தனை பேருக்கும் அந்தக் கணக்குத் தப்புகிறது, எனக்கும் தப்பியது.

காய்தீரிடம் பேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். விழா அன்று அவன் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து என் கையை மட்டும் பார்க்கப் போகிறானாம். பார்க்கட்டும். அந்த அறையைப் பற்றி நான் சொல்வது எடுபட வேண்டும் என்றால் சலுவாக் என் தலையில் இருக்க வேண்டும். இருக்கும். பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன மாமா


ஜகார்த்தா,
16 ஏப்ரல் 1993

மாமாவுக்கு, சலாம். நான் சுகம். இந்த முறை அடிக்காமல் எழுதுகிறேன்.

வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் விழாவில் கையைத் தலைக்குத் தூக்கிவிடாதீர்கள். எல்லா வைத்தியமும் தோற்கும்போது நான் செய்வதைச் சொல்லித் தருகிறேன். மனதுக்குள் ஊசியில் நூல் கோப்பேன். நிஜ ஊசி இல்லை. நூல் நுனியை நாக்கில் தொட்டு, முறுக்கி, ஊசியின் காதுக்குள் விட வேண்டும். பாதி நேரம் நழுவும். கோபப்படாமல் மறுபடி நனைக்க வேண்டும். அரிப்பு அங்கேயேதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

துஆ செய்கிறேன்.

நிதார்


கோத்தோ ஆலாங்,
4 மே 1993

யுஸ்னிதாருக்கு, டத்துக் மாராஜோ பாஞாங் எழுதுவது. சலாம். முந்தாநாள் முதல் என் பெயர் நீண்டுவிட்டது, உயரம் அப்படியே இருக்கிறது, மற்றபடி சுகம்.

ஊரே வந்திருந்தது. அண்டை ஊர் டத்துக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எருமை சமையலறைப் பக்கம் வெந்துகொண்டிருந்தது. ஈரத்துணியின் மேல் சலுவாக்கை வைத்து, இடுப்பில் குத்துவாளைச் செருகினார்கள். எதிரே காய்தீர். என் கையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு ஆரம்பிக்கும்வரை அரிப்பு ஊரில் இல்லை. பெரியவர்கள் பேசும்போதும் ஓரமாகத்தான் உலாத்தியது. நான் சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை நிதார். எறும்புக் கூட்டம் போய், அத்தனை எறும்புக்கும் ஆளுக்கொரு கடப்பாரை கொடுத்த மாதிரி. வலது கை தானாக முட்டியை விட்டு எழுந்தது. காய்தீர் முன்னால் சாய்ந்தான். நான் ஊசியை எடுத்தேன்.

மனதுக்குள்ளும் எனக்குக் கண் பார்வை குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. நூலை நாக்கில் தொட்டேன், முறுக்கினேன், காதுக்குள் விட்டேன், நழுவியது. சத்தியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை நழுவியது. வாக்குத் தவறினால் மேலே தளிர் விடாமல் கீழே வேர் பிடிக்காமல் போவேனாக என்கிற இடத்தில் என் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. கை முட்டிமேல் இருந்தது.  பிறகு மூத்த டத்துக் முந்தானையைத் தேடுகிறவர் மாதிரி தடவி, தோள்துணியால் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு அடக்கத்தோடு பட்டமேற்றவரை அவர் பார்த்ததே இல்லையாம். வரிசையாக எல்லோரும் அழுதார்கள். காய்தீரும் துடைத்துக்கொண்டான், அது எருமை வேகிற புகையாகவும் இருக்கலாம். அழுதது எதற்கு என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கடைசிவரை நூல் கோக்கவில்லை. சலுவாக் ஒரு நூல்கூட நகரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் காய்தீர் எல்லோர் முன்னாலும் எழுந்தான். "டத்துக், அந்த இடதுகோடி அறையைப் பத்தி ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றான்.

"அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

"யாரு?"

"யாரோட அறையோ அவதான்."

"ஏன், அவ வராளா? அங்க ஏதாச்சும் பிரச்சினையா?"

சபை முழுக்கக் கழுத்தை நீட்டியது. நான் நிதானமாக வெற்றிலையை மடித்தேன். "வந்தாலும் அவ அறை, வராட்டாலும் அவ அறை. திரும்பி வர்ற பொண்ணு வாசல்ல நின்னு காரணம் சொல்லணும்னு இந்த வீட்டுல வழக்கம் இல்ல. இருந்தா, இன்னைக்கோட இல்ல" என்றேன்.

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அழுத கண்ணோடு யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பெரியம்மா ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்தாள். பட்டுச் சேலையோடு உன் அறையைப் பெருக்கிவிட்டு வந்து, "ஜமாலு, உன் மகாராஜா வேஷத்தைக் கழட்டிட்டு வந்து அந்த ஜன்னலைப் பாரு" என்றாள். அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியுமோ, எனக்குத் தெரியாது.

அரிப்பு போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. இந்த வரியை எழுதும்போதும் இடது காதுக்குப் பின்னால் இருக்கிறது, நான் துரத்தவில்லை. ஜன்னல் கொக்கியைச் சரி செய்துவிட்டேன்.

வெறுங்கையோடு வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். வெறுங்கையோடுதான் வர வேண்டும். கையில் சாமான் இருந்தால் தலையைச் சொறிவது எப்படி?

உன்,
சின்ன மாமா (உனக்கு மட்டும் டத்துக் இல்லை)


ஜகார்த்தா,
19 மே 1993

மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் சலாம். சுகமாக இருக்கிறேன்.

ஜூன் 3, வியாழக்கிழமை பஸ். சனிக்கிழமை பாயகும்பு வந்து சேருவேன் என்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி வெறுங்கையோடு வர முடியாது. அஸ்னா அக்காவிடம் தவணை பேசி ஒரு தையல் மெஷின் வாங்கியிருக்கிறேன். மேல்பாகத்தை நானே தூக்கிக்கொண்டு இறங்குவேன். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் போட்டால் சாயங்காலம்வரை தைக்கலாம். விழாவில் அழுத அண்டை ஊர் டத்துக்குகளுக்குச் சட்டை வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். என் இரண்டு கையிலும் மெஷின் இருக்கும். இறங்கும்போது தலை அரித்தால் முக்காட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்த ஆள் வேண்டும். கை எட்டாவிட்டால் நெல் கூடைமேல் ஏறி நில்லுங்கள் மகாராஜா.

நிதார்